நைல் ராட்ஜர்ஸின் 1983 தனி ஆல்பம்: பருப்பு குழைந்துபோன கதையும் சில கேள்விகளும்

கீறல்தட்டு:
போன மாதம் வரை யாராவது கேட்டிருந்தால் இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்திருப்பேன். எழுபதுகளின் டிஸ்கோ குழுவான சிக்கின் கிட்டார்காரர் நைல் ராட்ஜர்ஸ் தனியாக ஒன்று போட்டார், ஓடவில்லை, அவ்வளவுதான். பெயர் அட்வெஞ்சர்ஸ் இன் த லேண்ட் ஆஃப் த குட் குரூவ், 1983, மிராஜ் லேபிள், மொத்தம் எட்டுப் பாட்டு. பல வருடம் முன்பு பஸ்ஸில் போகும்போது போனில் கேட்டேன். சிக்கின் குட் டைம்ஸ் பாட்டு மாதிரி ஏதாவது வரும் என்று காத்திருந்து, மூன்றாவது பாட்டிலேயே அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன்.

இப்போது ஒரு நண்பர் வீட்டைக் காலி செய்யும்போது தன் அண்ணனின் பழைய எல்பிகளை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் இதுவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குக்கரில் பருப்பு வைத்துவிட்டு, சும்மா ஓடட்டும் என்று தட்டைப் போட்டேன். முதல் பாட்டின் பாதியில் சமையலறையிலிருந்து வந்து ஸ்பீக்கர் முன்னால் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று விசிலில் இறக்க வேண்டிய குக்கர் ஏழோ எட்டோ விசில் விட்டிருக்கிறது.

என்ன கேட்டேன் என்று சொல்ல முயல்கிறேன். சிக் பாட்டுகளில் வயலின் கூட்டம் இருக்கும், பெண் குரல்கள் ஒன்றுசேர்ந்து ஒரே வரியை மந்திரம் மாதிரி சொல்லும், எல்லாமே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்கும். இதில் அந்த அலங்காரம் இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போனால் பூவும் சீரியல் பல்பும் கழற்றிய பிறகு தூண்கள் மட்டும் தெரியுமே, அந்த மாதிரி. கிட்டார், பாஸ், டிரம்ஸ், நடுவில் நிறைய வெற்றிடம். பஸ்ஸில் கேட்டபோது அந்த வெற்றிடத்தில் எஞ்சின் சத்தம் உட்கார்ந்துகொண்டது, அதனால்தான் ஒன்றுமில்லாத ஆல்பமாகத் தெரிந்திருக்கிறது.

என் வாதம் இதுதான்: இது தோற்றுப்போன சிக் ஆல்பம் இல்லை, அடுத்த சில வருடங்களுக்கு நைல் மற்றவர்களுக்குச் செய்து கொடுத்த வேலையின் முதல் வரைவு. அதே ஆண்டு நைல் தயாரிப்பில் வந்த, பாடகர் டேவிட் போவியின் லெட்ஸ் டான்ஸ் ஆல்பம் இந்தத் தூண்களின் மேல்தான் நிற்கிறது. அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும்.

சும்மா_ஒரு_ஆள்:
முதல் ஆளாக வந்துவிட்டேன். தவறவிட்ட பொக்கிஷம் என்று நீங்கள் எல்லாம் தோண்டி எடுக்கும் ஆல்பங்களில் பாதி, சரியான காரணத்துக்காகவே தவறவிடப்பட்டவை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு முழுவதும் கேட்டேன். கிட்டார் பிரமாதம், யார் மறுத்தார்கள்? ஆனால் மனிதருக்குப் பாட்டு வரவில்லை சார். குரல் ஒல்லி. யம்-யம் பாட்டின் வரிகள் இரட்டை அர்த்தம் கூடக் கிடையாது, ஒற்றை அர்த்தம், அதுவும் தெருவோரப் பையன்களின் அர்த்தம். ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் டீப் ஹிடன் மீனிங், அதாவது ஆழத்தில் ஒளிந்த ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டு எழுதியவர் இவர். இதில் என்ன ஒளிந்திருக்கிறது? எல்லாம் வெளியேதான் கிடக்கிறது.

நாலுகம்பி:
ஹாஹா, ஒற்றை அர்த்தம்!

நான் பாஸ் வாசிக்கிறவன், அதனால் குரல் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, கேட்பதும் இல்லை. இந்த ஆல்பத்தில் பாஸ் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், சிக்கில் நைலின் கூட்டாளி. தனி ஆல்பம் என்று பெயர் வைத்துவிட்டு அதே பங்காளியையும் டிரம்ஸுக்குச் சிக்கின் அதே டோனி தாம்சனையும் கூப்பிட்டுக்கொண்டது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும். தனிக்குடித்தனம் போகிறேன் என்று கிளம்பி எதிர்வீட்டுக்குப் போன கதை.

பெர்னார்டின் வலது கையைக் கவனிக்காதவர்கள் பழைய நிகழ்ச்சி வீடியோ எதையாவது பாருங்கள். இரண்டு விரல் மாற்றி மாற்றித் தட்டுகிற வழக்கமான முறை இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிக் (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) பிடித்திருப்பது போல் சேர்த்து வைத்துக்கொண்டு, நகத்தாலேயே மேலும் கீழும் போய்வருவார். கிட்டார்காரன் செய்வதை நாலு கம்பியில் செய்கிறார். நைலின் வலது கையும் இவருடைய வலது கையும் ஒரே வேகத்தில் ஒரே அசைவில் போகும், அதனால்தான் இரண்டும் பூட்டுச் சாவி மாதிரி விழுகிறது. குட் டைம்ஸ் பாஸைக் குயின் குழுவின் ஜான் டீக்கன் எந்த அளவுக்கு உள்வாங்கினார் என்று 1980இல் அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட் வந்தபோது ஊருக்கே தெரிந்தது. அதற்கு முன்பே, 1979இல், ரேப்பர்ஸ் டிலைட் என்ற ராப் பாட்டு அதே பாஸின் மேல்தான் ஏறி உட்கார்ந்தது.

மழைவாசி:
கிட்டார்காரி ஆஜர். இரண்டு வருடமாக இந்தக் கையை வரவழைக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன், மணிக்கட்டு போனதுதான் மிச்சம்.

நைலின் இந்த வாசிப்பைச் சக்கிங் என்று சொல்வார்கள். தெரியாதவர்களுக்காக: வலது கை நிற்கவே கூடாது. நாலு அடிக்குப் பதினாறு முறை கம்பிமேல் போய்வர வேண்டும். நிமிடத்துக்கு 110 அடி ஓடும் பாட்டு என்றால் 440 முறை. இடது கை கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) அழுத்தினால் ஸ்வரம் வரும், விரலை எடுக்காமல் லேசாகத் தளர்த்தினால் வெறும் 'சக்' மட்டும் வரும். எது ஸ்வரம் எது சக் என்பதை இடது கைதான் முடிவு செய்கிறது, வலது கை மெஷின் மாதிரி. அதிலும் ஆறு கம்பியையும் அடிப்பதில்லை, பெரும்பாலும் மேல்ஸ்தாயியின் மூன்று கம்பிகள்தான், கீழே எல்லாம் பெர்னார்டுக்கு விட்டுவிடுகிறார். நாங்கள் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு, நிறைய வாசிப்பது.

வேடிக்கை என்னவென்றால் இந்த வித்தையை நைலுக்குச் சொல்லிக்கொடுத்ததே பெர்னார்ட்தான். நைல் அதுவரை பெரிய உடம்புள்ள ஜாஸ் கிட்டார் வைத்துக்கொண்டு ஜாஸ் கார்டு போட்டுக்கொண்டிருந்தவர். அதை மயாமி பீச்சில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரை மாற்றி வாங்கினார். அந்த ஒரு கிட்டார்தான் பிறகு ஹிட்மேக்கர் என்று பெயர் வாங்கியது.

நான் பயிற்சி செய்யும்போது அம்மா உள்ளே இருந்து கேட்டார்: "என்னடி, இந்த நேரத்துல யாரு தேங்கா துருவறா?"

கப்பல்காரன்:
தேங்காய் துருவும் சத்தம்! அம்மாவுக்கு என் வணக்கம். இனி வேறு மாதிரி கேட்காது எனக்கு.

தம்பிகளா, இந்தப் பேச்சில் அந்தக் காலத்து நிலவரம் விட்டுப்போகிறது. நான் அப்போது சரக்குக் கப்பலில் ஜூனியர் எஞ்சினியர், துறைமுகம் துறைமுகமாக கேசட் வாங்குகிற பைத்தியம். 1979 ஜூலை 12, சிகாகோவில் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் கூட்டி வைத்து வெடி வைத்தார்கள். ஒரு டிஸ்கோ ரெக்கார்டு கொண்டுவந்தால் 98 சென்ட் டிக்கெட். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிக் களேபரமாகி, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. ஆகஸ்டில் குட் டைம்ஸ் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அடுத்த வாரமே மை ஷரோனா என்ற ராக் பாட்டு அதை இறக்கிவிட்டு ஆறு வாரம் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு சிக் என்ற பெயரில் வந்த ஒரு பாட்டும் அமெரிக்காவில் முதல் நாற்பதுக்குள் நுழையவில்லை. ஒன்றுகூட இல்லை. ரியல் பீப்பிள், டேக் இட் ஆஃப், டங் இன் சிக் என்று ஆல்பங்களை வருடத்துக்கு ஒன்றாகப் போட்டார்கள், ஆள் சீந்தவில்லை.

1983இல் ராட்டர்டாமில் இறங்கினேன். ரெக்கார்டு கடையின் கண்ணாடி ஜன்னல் முழுக்க போவி, குத்துச்சண்டைக் கையுறையோடு. உள்ளே தரையோரம் தள்ளுபடிப் பெட்டியில் நைலின் கேசட். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். போவியை வாங்கிக்கொண்டு கப்பலுக்கு வந்து அட்டையைப் பிரித்தால் தயாரிப்பு நைல் ராட்ஜர்ஸ் என்று போட்டிருக்கிறது. மறுநாள் காலை கப்பல் கிளம்பிவிட்டது. அந்தக் கேசட் இன்றுவரை என்னிடம் இல்லை.

கீறல்தட்டு:
ஐயா, இந்தத் தகவலுக்காகவே இழை போட்டது வீண்போகவில்லை.

சும்மா ஆள் அவர்களே, குரல் விஷயத்தில் உங்களோடு பாதி வழி வருகிறேன். மை லவ் சாங் ஃபார் யூ பாட்டில் சாரா டாஷ் கூடப் பாடுகிறார். லபெல் குழுவில் பாடகி பாட்டி (Patti) லபெல்லுக்குப் பக்கத்தில் நின்று பாடிய தொண்டை அது. அவர் வாயைத் திறந்ததும் நைல் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுகிறார். அந்தப் பாட்டை நான் தாண்டிவிடுகிறேன், ஒப்புக்கொள்கிறேன். மற்ற பாட்டுகளில் அவர் பாடுவதைப் பாட்டாகக் கேட்காதீர்கள், அது இன்னொரு தாளக்கருவி. சிக்கிலும் அப்படித்தானே, குரலுக்கு நடிக்க இடமே தரமாட்டார்கள், ஒரே மட்டத்தில் வரியைச் சொல்லிவிட்டு நகரவேண்டும்.

சும்மா_ஒரு_ஆள்:
ஏற்ற இறக்கமில்லாத அதே குரலில் சிக்கின் பாடகி ஆல்ஃபா ஆண்டர்சன் பாடினால் அழகு, இவர் பாடினால் டெமோ. உங்கள் மண்டப உவமையையே எடுத்துக்கொள்கிறேன்: தூண்களை மட்டும் பார்க்க யாராவது மொய்க்கவரோடு வருவார்களா?

போவி விஷயமும் எனக்கு ஒப்பவில்லை. முன்னால் வந்தது பின்னால் வந்ததற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. லெட்ஸ் டான்ஸில் ஸ்டீவி ரே வான் ப்ளூஸ் கிட்டார் இருக்கிறது, பித்தளை வாத்தியங்கள் இருக்கின்றன, போவியின் குரல் இருக்கிறது. உங்கள் ஆல்பத்தில் இதில் எதுவும் இல்லை.

ரொறன்ரோ_வேலன்:
வணக்கம். நான் இஞ்ச ஸ்கார்பரோவில பழைய எல்பி தேடித் திரியிற ஆள். இந்தத் தட்டு எனக்கு மூன்று டொலருக்குக் கிடைச்சது, உறை மூலை நனைஞ்சு போய். இனி எழுத்துத் தமிழிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் கீறல்தட்டு அண்ணைக்கு விளங்காது.

சும்மா ஆள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் வரிசையைப் பாருங்கோ. 1982இல் இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஒரு நியூயோர்க் கிளப்பில்தான் போவியும் நைலும் சந்தித்துக் கதைக்கத் தொடங்கியது. நைல் அப்போது இந்தத் தனி ஆல்பத்தை முடித்த கையோடு நிற்கிறார், போவி அதைக் கேட்டிருக்கிறார், கேட்ட பிறகும் இவரையே வைத்துக்கொண்டார். அதுவும் எப்படிப்பட்ட நைல்? 1980இல் பாடகி டயானா ராஸுக்குச் செய்த ஆல்பம்தான் கடைசிப் பெரிய வெற்றி, அதிலும் அவரின் லேபிளான மோட்டவுன் காரர் இவர்கள் ஒலிகளைக் கலந்து (மிக்ஸ் செய்து) கொடுத்ததை ஏற்காமல் தங்கட ஆளை வைத்துத் திரும்பக் கலந்து வெளியிட்டார்கள். நைலும் பெர்னார்டும் கலந்த மூல வடிவம் 2003இல்தான் முறையாக வெளியே வந்தது, கேட்டுப் பாருங்கோ, அதிலும் இதே மாதிரி உலர்ந்த சத்தம், இதே வெற்றிடம். பிறகு 1981இல் பாடகி டெபி ஹாரியின் கூகூ ஆல்பம், அதுவும் எதிர்பார்த்தபடி போகவில்லை. பிறகு இது. தொடர்ந்து சறுக்கிக்கொண்டிருந்த ஆளைத்தான் போவி கூப்பிட்டார்.

ஒலிப்பதிவு பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோ, மன்ஹாட்டன் மேற்கு 53ஆம் தெரு, முன்பு மின்நிலையமாக இருந்த கட்டிடம். 1982 டிசம்பரில் பதினேழு நாளில் லெட்ஸ் டான்ஸ் முடிந்தது. போவி லெட்ஸ் டான்ஸ் பாட்டை முதலில் வாசித்துக் காட்டியபோது அது ஏதோ நாட்டுப்பாட்டு மாதிரி இருந்ததாக நைல் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதை ஆடுகிற பாட்டாக வெட்டி ஒட்டியது எந்தக் கை? இங்கே வெற்றிடம் விட்டுப் பழகிய அதே கைதான்.

நாலுகம்பி:
ஒரு சின்னத் தகவல் சேர்க்கிறேன். லெட்ஸ் டான்ஸ் ஆல்பத்தில் பெரும்பாலும் பாஸ் கார்மைன் ரோஹாஸ், பெர்னார்ட் ஒரே ஒரு பாட்டில்தான் வருகிறார். டிரம்ஸில் ஓமர் ஹக்கீமோடு டோனி தாம்சனும் இருக்கிறார். ஆக சிக் குழுவைச் சிக் என்று சொல்லாமல் உள்ளே கொண்டுவந்தது மாதிரிதான். பிறகு டோனி அந்த ஸ்டூடியோவின் பெயரையே வைத்த குழுவில் சேர்ந்தார், 1985இல் வந்த அவர்கள் ஆல்பத்தைத் தயாரித்தவர் பெர்னார்ட். எங்கே சுற்றினாலும் அதே வீட்டுக்குள் வந்து நிற்கிறார்கள்.

கப்பல்காரன்:
வேலன் தம்பி, ஜன்னலில் போவியும் தரையில் நைலும் இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது எம்டிவி வந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை, கறுப்பினப் பாடகர்களின் வீடியோவை அனேகமாகக் காட்டுவதே இல்லை. 1983 தொடக்கத்தில் அந்த எம்டிவி நிலையத்தார் பேட்டி எடுக்க வந்தபோது, பேட்டி கொடுத்த போவியே திருப்பிக் கேட்டார், உங்கள் சேனலில் ஏன் கறுப்பினத்தவர் இவ்வளவு குறைவு என்று. வந்தவர் நெளிந்தார். பழைய வீடியோ இன்றும் கிடைக்கிறது, பாருங்கள். நைலோடு அந்த ஆல்பத்தை முடித்த சூட்டோடு கேட்ட கேள்வி அது. மைக்கேல் ஜாக்சனின் பில்லி ஜீன் எல்லாம் அதற்குப் பிறகுதான் கதவை உடைத்துக்கொண்டு போனது. ஃபங்க் கிட்டார் அதே கிட்டார்தான், முன்னால் நிற்கும் முகத்தைப் பொறுத்து ஜன்னலா தரையா என்று ஆனது.

மழைவாசி:
இதைப் படித்துவிட்டு இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, கூடவே வாசித்துப் பார்த்தேன். சும்மா ஆள் சொல்வது பாதி சரி. போவி பாட்டில் கிட்டாருக்கு ஒரு எதிரொலி போட்டிருக்கிறார்கள். அங்கே நைல் பதினாறு வாசிப்பதில்லை, ஒரு கார்டைத் தட்டிவிட்டு எதிரொலியைப் பதில் சொல்ல விடுகிறார். அதாவது கை இன்னும் குறைந்துவிட்டது. நைலின் ஆல்பத்தில் கை ஓடிக்கொண்டே இருக்கிறது, கெட் ஹர் கிரேஸி பாட்டோடு கூடவே வாசித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆக, கீறல்தட்டு சொல்கிற மாதிரி அதே தூண் இல்லை. தூணைப் போட்டுப் பார்த்து, இத்தனை வேண்டாம் என்று இரண்டை எடுத்திருக்கிறார்.

கீறல்தட்டு:
இது நான் சொன்னதைவிட நன்றாக இருக்கிறது, திருடிக்கொள்கிறேன்.

புதியவன்77:
வணக்கம், எனக்கு இந்தப் பக்கம் எதுவும் தெரியாது, நம்ம ஊர் எண்பதுகள் பாஸ் லைன்களுக்கும் இதற்கும் ஏதாவது...

நாலுகம்பி:
அதற்குத் தனி இழை போடுங்கள் தம்பி, கண்டிப்பாக வருகிறேன். இங்கே ஆரம்பித்தால் நாற்பது பக்கம் போகும், நைல் காணாமல் போய்விடுவார், நானே பார்த்திருக்கிறேன்.

புதியவன்77:
சரி சரி. அப்போது இதில் எந்தப் பாட்டில் ஆரம்பிப்பது?

கீறல்தட்டு:
முதல் பாட்டு, த லேண்ட் ஆஃப் த குட் குரூவ். ஸ்பீக்கரில் கேளுங்கள், போனை மேஜைமேல் வைத்துக் கேட்காதீர்கள், பாஸே காதில் விழாது. பிறகு கெட் ஹர் கிரேஸி. வீட்டில் பெரியவர்கள் ஆங்கிலம் புரிந்தவர்களாக இருந்தால் யம்-யம் வேண்டாம். கடைசியில் மோஸ்ட் டவுன். ராக் பாட்டம் பற்றி எனக்கு இன்னும் முடிவு வரவில்லை, ஒரு நாள் பிடிக்கிறது, ஒரு நாள் சும்மா ஆள் காதுக்குள் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

ரொறன்ரோ_வேலன்:
அவரின்ட இரண்டாவது தனி ஆல்பம் பி-மூவி மாட்டினி, 1985. அதைத் தேடி அலைய வேண்டாம். சின்கிளாவியர் என்ற கணினி வாத்தியத்தின் மேல் ஆசை வந்த காலம், எல்லா மூலையையும் நிரப்பிவிட்டார். இதில் இருக்கும் மூச்சுவிடும் இடம் அதில் இல்லை.

தேடுவதென்றால் பெர்னார்டின்ட கிளாட் டு பி ஹியர் தேடுங்கோ. அதுவும் 1983தான். இரண்டு பங்காளிகளும் ஒரே வருடம் ஆளுக்கொரு தனி ஆல்பம், அதே வருடம் சிக்கின் பெயரில் பிலீவர். மூன்றும் விழுந்துவிட்டது. அதோடு குழுவும் கலைந்தது.

சும்மா_ஒரு_ஆள்:
நான் இன்னும் குரலில்தான் நிற்கிறேன், ஆனால் நேற்று ஆபீஸ் போகும் வழியில் இட்ஸ் ஆல் இன் யுவர் ஹாண்ட்ஸ் தானாக வாயில் வந்தது. இதை ஒப்புதல் வாக்குமூலமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்குப் பாட்டு வரவில்லை என்றேன், ஆனால் பாட வராத ஆள் ஏன் தானே பாடினார் என்பதைத்தான் இப்போது யோசிக்கிறேன். கையில் எத்தனை பாடகர்கள்! டயானா ராஸ், சிஸ்டர் ஸ்லெட்ஜ் எல்லாம் இவரிடம் பாடியவர்கள். யாரையாவது கூப்பிட்டுக் கொடுத்திருந்தால் விற்றிருக்கும்.

நாலுகம்பி:
வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்காததால்தான் இன்று இது அவருடைய ஆல்பமாக இருக்கிறது. மற்றதெல்லாம் டயானா ஆல்பம், போவி ஆல்பம், 1984இல் மடோனா ஆல்பம். இது மட்டும்தான் நைலும் பெர்னார்டும் டோனியும் தங்களுக்காக அறையைப் பூட்டிக்கொண்டு வாசித்த மாதிரி இருக்கிறது.

பெர்னார்ட் 1996 ஏப்ரலில் டோக்கியோவில் புடோகான் அரங்கில் வாசித்து முடித்துவிட்டு ஹோட்டல் அறையில் இறந்துபோனார். நிமோனியா. உடம்பு முடியாமலேயே மேடை ஏறியிருக்கிறார், நடுவில் சில நொடி பாஸ் நின்றுபோனது, ஏதோ புதுசாகச் செய்கிறார் என்று நைல் நினைத்துக்கொண்டாராம். மயங்கியிருக்கிறார், விழித்து விட்ட இடத்திலிருந்து வாசித்திருக்கிறார். டோனி 2003இல் போய்விட்டார். நைல் மட்டும் அந்த வெள்ளை கிட்டாரோடு இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். டாஃப்ட் பங்க் குழுவோடு அவர் வாசித்த கெட் லக்கி வந்தபோது என் மகனுக்கு அவர் புது ஆள்.

எனக்கு இந்தத் தட்டில் பிடித்தது மோஸ்ட் டவுன். பாட்டைப் பார்க்காமல் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று எண்ணலாம். எண்ணிக்கொண்டே போனேன், விட்ட இடத்திலெல்லாம் நைலின் 'சக்' வந்து விழுகிறது.

கப்பல்காரன்:
வேலன் தம்பி, அந்த மூலை நனைந்த தட்டு இன்னும் உங்களிடம் இருக்கிறதா? விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். மூன்று டாலருக்குப் பத்து தருகிறேன். ராட்டர்டாமில் வைத்துவிட்டு வந்ததை எடுத்துக்கொள்கிறேன்.

ரொறன்ரோ_வேலன்:
காசு வேண்டாம் ஐயா. தை மாதம் ஊருக்கு வாற வழியில சென்னையில் ரெண்டு நாள் நிப்பன், கொண்டு வாறன். ரெண்டாம் பக்கத்தில ஒரு கீறல் இருக்கு, மை லவ் சாங் ஃபார் யூவில முள்ளு சரியா அதில துள்ளும்.

கீறல்தட்டு:
அந்தப் பாட்டிலா? அது கீறல் இல்லை ஐயா, வசதி.

மழைவாசி:
அம்மா இப்போது அறை வாசலில் நிற்கிறார். "தேங்கா துருவறது நல்லாதான் இருக்கு, இன்னொரு தரம் போடு" என்கிறார்.